ரேப்டரைக் குமுளிக்குக் கொண்டுவர என்ன ஆகும்?

தம்பி, நீ கேட்டது மூன்று விஷயம். மெல்போர்னில் நண்பருடைய ஃபோர்டு ரேஞ்சர் ரேப்டர் பிக்கப்பை மணல்மேட்டில் ஓட்டியிருக்கிறாய். எண்பதில் போனபோதும் முதுகில் ஒன்றுமே தெரியவில்லை என்கிறாய். அதை ஊருக்குக் கொண்டுவர மொத்தம் எவ்வளவு ஆகும், அந்த விலைக்கு அடியில் அப்படி என்னதான் இருக்கிறது, வண்டன்மேட்டில் உங்கள் ஏலத்தோட்டத்துக்கு அது ஏறுமா? இருபத்தாறு வருஷமாகக் குமுளியில் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து படுத்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் காசு.

இப்போதிருக்கும் ரேப்டர் 2022-இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது ரோட்டில் இறக்கும் செலவு சேர்க்காமல் 85,490 ஆஸ்திரேலிய டாலர். அமெரிக்காவில் 2024 மாடலாக வந்தது, அங்கே ஏறத்தாழ 57,000 டாலரில் தொடக்கம். எந்தப் பக்கம் பெருக்கிப் பார்த்தாலும் ஐம்பது லட்சத்துக்குக் கிட்டத்தில் வரும். அந்த ஊர் வரியும் டீலர் லாபமும் போக, கப்பல் கூலி சேர்த்து, நம் துறைமுகத்தில் இறங்கும்போது 45 லட்சம் என்று வைத்துக்கொள். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள, முழுதாகக் கட்டிய காருக்கு இங்கே சுங்கமும் செஸ்ஸும் சேர்ந்து 110 சதவீதம். ஆக 94.5 லட்சம். அதன் மேல் ஜிஎஸ்டி. பெரிய கார்களுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். இப்போது 132 லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேனியில் பதிந்தால் இருபது லட்சத்துக்கு மேலான வண்டிக்குச் சாலை வரி 20 சதவீதம், இடுக்கியில் பதிந்தால் அதற்கும் கொஞ்சம் மேலே. கூட்டிப் பார், ஒரு கோடியே ஐம்பத்தொன்பது லட்சம். இன்சூரன்ஸ், கிளியரிங் ஏஜென்ட் கணக்கெல்லாம் இதில் சேரவில்லை.

பிக்கப்தானே, சரக்கு வண்டி என்று எழுதினால் வரி குறையாதா என்று உன் அடுத்த கேள்வி வரும். சுங்கத்தில் ஆள் ஏற்றும் காருக்கு 8703, சரக்கு வண்டிக்கு 8704 என்று தனித்தனித் தலைப்பு உண்டு. முன்னால் தோல் சீட்டு, பின்னால் மூட்டை போடும் தொட்டி என்று இரண்டுங்கெட்டானாக நிற்கும் வண்டியை எந்தத் தலைப்பில் போடுவது என்று முடிவெடுப்பது நீயோ நானோ அல்ல, அதிகாரி. குறைந்த பக்கத்தை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, துறைமுகத்தில் வண்டியை நிறுத்தி வாடகை கட்டிக்கொண்டு நிற்காதே.

இன்னொன்று, ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இதற்குப் பெரிய அண்ணன், ஃபோர்டின் அமெரிக்கப் பிக்கப் எஃப்-150 ரேப்டர், இடது ஸ்டியரிங்கோடு மட்டும்தான் ஆலையிலிருந்து வருகிறது, அதனால் அந்தக் கதை அங்கேயே முடிந்தது. நீ ஓட்டியது தாய்லாந்தில் செய்த வலது ஸ்டியரிங் வண்டி, அதற்கு அந்தத் தடை இல்லை. பழைய வண்டியாகக் கொண்டுவருவதானால் மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

கம்பெனியே பாகங்களாக இறக்கி இங்கே கோத்து விற்றால் சுங்கம் வெகுவாகக் குறையும். அப்படியும் நம்பர் போட்டு ரோட்டுக்கு வரும்போது எண்பது, தொண்ணூறு லட்சத்துக்குக் கீழே வராது என்பது என் கணிப்பு. ஆனால் ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த கம்பெனி. 2024-இல் மறைமலை நகர் ஆலையைத் திரும்ப எடுக்கப்போவதாகச் சொன்னதும் ஏற்றுமதிக்காகத்தான். அதை நம்பி அட்வான்ஸ் எடுத்து வைக்க வேண்டாம்.

சரி, இனி வண்டிக்கு அடியில் போவோம். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ரேப்டர் என்றதும் எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள். மூன்று லிட்டர் வி6 பெட்ரோல், இரட்டை டர்போ, ஆஸ்திரேலிய வண்டியில் 397 குதிரைத்திறன், 583 நியூட்டன் மீட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக். நல்ல எஞ்சின்தான். ஆனால் இந்தப் பெயரே எப்படி வந்தது என்று பார். 2010 மாடலாக முதல் எஃப்-150 ரேப்டர் வந்தபோது அதிலிருந்தது சாதாரண எஃப்-150-இல் இருந்த அதே 5.4 லிட்டர் வி8, 310 குதிரைத்திறன். பிற்பாடுதான் 6.2 லிட்டரைப் போட்டார்கள். ஆக அந்த வண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எஞ்சின் அல்ல, சக்கரத்துக்கும் சேஸுக்கும் நடுவில் இருந்த சாமான். நீ கொடுக்கும் காசில் பெரும்பங்கு போவதும் அங்கேதான்.

ஷாக்கப்சர் என்ன வேலை செய்கிறது என்று என்னிடம் வரும் பையன்களைக் கேட்டால், குலுக்கலைத் தாங்குகிறது என்பார்கள். குலுக்கலைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது ஷாக்கின் வேலை. எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். அதிலுள்ள சின்ன ஓட்டை வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகும்போது, துள்ளுகிற வேகமெல்லாம் சூடாக மாறும். அந்தச் சூட்டை வெளியே விட்டாக வேண்டும். விடாவிட்டால் எண்ணெய் இளகும், நுரைக்கும். நுரைத்த எண்ணெயில் பிஸ்டனுக்குப் பிடிமானம் கிடையாது.

இதை நான் உள்ளங்கையில் படித்தேன். பல வருஷத்துக்கு முன்னால், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு அப்பாவின் கமாண்டர் ஜீப்பில் போயிருந்தேன். தோட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது, ஜீப் மட்டும் கேரளா வழியாகத்தான் போக முடியும், அது ஒரு வேடிக்கை. ஷாக் நான்கும் புதுசு, மாட்டி ஒரு வாரம் ஆகவில்லை. இறக்கத்தில், பின்னால் வந்த சேட்டனை முந்த விடக்கூடாது என்ற வீம்பில் கல்லென்றும் பள்ளமென்றும் பார்க்காமல் விரட்டினேன். பாதி வழியில் வண்டி தோணி மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் மூன்று முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தது. நிறுத்திக் கீழே குனிந்து, ஷாக் உடைந்துவிட்டதா என்று பார்க்க வெறுங்கையால் பிடித்தேன். தோல் ஒட்டிக்கொண்டது. பாட்டில் தண்ணீரை விட்டதும் சொய்யென்று ஆவி கிளம்பியது. ஷாக்குக்கு ஒரு பழுதும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுத்தால் பழையபடி ஓடியது. தப்பு முழுக்க என்னுடையது, மெதுவாகப் போகச் செய்த ஷாக்கை வேகத்துக்கு விரட்டினேன்.

நீ மணலில் எண்பதில் போனபோது இந்தத் தொல்லை ஏன் வரவில்லை என்பதுதான் ரேப்டரின் விலை. அதிலிருக்கும் ஃபாக்ஸ் ஷாக் இரண்டரை இஞ்ச் தடிமன், கையால் சுற்றிப் பிடித்தால் விரல் சேராது. உள்ளே எண்ணெய் அதிகம், சூட்டை வாங்கிக்கொள்ள இடம் அதிகம். பின் ஷாக்கில் பக்கவாட்டில் தனியாக ஒரு குப்பி தொங்குவதைப் பார்த்திருப்பாய். எண்ணெய் நுரைக்காமல் அழுத்தத்தில் வைத்திருக்க அதற்குள் வாயு அடைத்திருக்கும்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் குழாய்க்கு உள்ளே இருக்கிறது. நடுப்பகுதியில் எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு போகத் தனி வழி விட்டிருக்கிறார்கள். சின்னச் சின்னக் கல்லில் சக்கரம் ஆடும்போது பிஸ்டன் அந்த நடுப்பகுதியிலேயே உலவும், எண்ணெய் சுலபமாக ஓடும், உனக்கு மெத்தையாக இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்து பிஸ்டன் கோடிக்குப் போனால் சுற்றுவழி முடிந்துவிடும், எண்ணெய் பிஸ்டனுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும், ஷாக் கல்லாக இறுகும். கடைசிக் கால்வாசித் தூரத்தில் இப்படி முழுப் பலமும் வரும்படி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் சேஸ் அடி தட்டுவதில்லை. இதற்கு மேல் மின்வால்வு ஒன்று இருக்கிறது. தரையையும் உன் ஓட்டத்தையும் சென்சார் வழியாகப் பார்த்து, கண்ணிமைப்பதற்குள் இறுக்கத்தை மாற்றிவிடும். வண்டி தரையை விட்டு எழும்பினால் இறங்கப்போகிற அடிக்கு முன்கூட்டியே தயாராகிவிடும்.

பின்பக்கம் குனிந்து பார்த்திருந்தால் இன்னொரு வித்தியாசம் தெரிந்திருக்கும். சாதாரண ரேஞ்சரில், டொயோட்டா ஹைலக்ஸில், நம் பழைய ஜீப்பில் எல்லாம் பின்னால் பிளேட் ஸ்பிரிங். பாரம் தூக்கும், அக்ஸிலையும் அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரேப்டரில் பிளேட்டைக் கழற்றிவிட்டுக் காயில் என்கிற சுருள் ஸ்பிரிங்கை வைத்தார்கள். காயில் மேலும் கீழும்தான் பார்க்கும், அக்ஸில் பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்க அதற்குத் தெரியாது. அதற்காக வாட்ஸ் லிங்கேஜ் என்று ஒரு ஏற்பாடு. நடுவில் சுழலும் ஒரு சின்னத் துண்டு, அதிலிருந்து ஆளுக்கொரு பக்கம் போகும் இரண்டு கம்பி. அக்ஸில் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் நேர்கோட்டில்தான் போகும், வால் ஆடாது. நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் அந்தக் காலத்தில் பிஸ்டன் தண்டை நேராக ஓடவைக்க யோசித்த ஏற்பாடு. இருநூறு வருஷம் கழித்தும் பிக்கப்புக்கு அடியில் உழைக்கிறது.

இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு, அதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். சாதாரண ரேஞ்சர் ஏறத்தாழ ஒரு டன் தாங்கும், 3,500 கிலோ இழுக்கும். ரேப்டர் தாங்குவது 717 கிலோ, இழுப்பது 2,500. அந்த 717-க்குள் ஆளும் சேர்த்தி. ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ போய்விட்டது. மிச்சத்துக்கு ஐம்பது கிலோ பொட்டாஷ் மூட்டை ஏழு ஏற்றலாம். கம்பத்திலிருந்து காய் பறிக்க ஆளை ஏற்றி வரும் ஜீப்காரரிடம் ஒன்றரைக் கோடி வண்டியில் ஏழு மூட்டை என்று சொல்லிப் பார், சிரிப்பார்.

எஞ்சினில் ஒரு விஷயம் மட்டும் ரசித்தேன். பாலைவனத்தில் வேகமாக ஓட்டுவதற்கென்று இருக்கும் பாஹா மோடில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் மூன்று நொடி வரைக்கும் டர்போவைச் சுற்றவிட்டே வைத்திருக்கிறது. வளைவில் காலை எடுத்து, திரும்பியதும் மிதித்தால் காத்திருக்காமல் பாயும். ராலி வண்டியில் இருந்த சமாச்சாரம். ஒரு சக்கரம் வழுக்கினாலும் இரண்டையும் சேர்த்தே சுற்றவைக்கும் டிஃப் லாக்கும் முன்னும் பின்னும் உண்டு, அது நம் ஊருக்கு நிஜமாகவே உதவும். பெரிய அண்ணன்மார் கதையை ஒரே வரியில் முடித்துவிடலாம். 2021-இல் போட்டிப் பிக்கப் ராம் டிஆர்எக்ஸ் 702 குதிரைத்திறனோடு ஏறத்தாழ 70,000 டாலருக்கு வந்தது, பதிலுக்கு ஃபோர்டு 2023-இல் 700 குதிரைத்திறன் ரேப்டர் ஆர் விட்டது, ஏறத்தாழ 1,09,000 டாலர். அது அவர்களுக்குள் இருக்கும் பந்தயம், நமக்கு அதில் வேலையில்லை.

இனி மூன்றாவது கேள்வி. தோட்டத்துக்கு ஏறுமா?

ஏறும். ஆனால் அது எதற்காகப் பிறந்ததோ அந்த வேலை நம் மலையில் இல்லை. திறந்த பாலைவனத்தில், அலை அலையான மணல்மேட்டில், வேகமாகப் போகப் பிறந்த வண்டி அது. வண்டன்மேட்டில் ஏலச்செடிக்கு நடுவே போகும் பாதையில் எண்பதுக்கு எங்கே இடம்? பத்தைத் தாண்டினால் முன்சீட்டில் இருக்கும் கங்காணி திட்டுவார். கல்லில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கும் வேகத்தில், அந்த விலையுயர்ந்த ஷாக்குக்கு உடம்பு சூடேறக்கூட நேரம் இருக்காது.

அளவைப் பார். ரேப்டரின் அகலம் 2.03 மீட்டர், அதுவும் கண்ணாடி சேர்க்காமல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3.27 மீட்டர். மூன்று கதவு மஹிந்திரா தார் ஜீப்பில் அது 2.45 மீட்டர்தான். இதில் ஒரு வேடிக்கை கவனி. தரையிலிருந்து வயிறு வரைக்கும் ரேப்டரில் 272 மில்லிமீட்டர், தாரில் 226. ரேப்டர்தான் உயரம். ஆனால் மேட்டின் உச்சியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது வயிறு தட்டாமல் தாண்டும் கோணம் ரேப்டருக்கு 24 டிகிரி, தாருக்கு 27. சக்கரங்கள் தள்ளி இருப்பதால் வயிறு நடுவில் தொங்குகிற கணக்கு. முன்மூக்கு கோணமும் அப்படித்தான், 32-க்கு 41.8. தண்ணீரில் இறங்குவதில் மட்டும் ரேப்டர் கெட்டி, 850 மில்லிமீட்டர். தாருக்கு 650. ஜூன், ஜூலையில் ஓடையைத் தாண்ட அது உபயோகப்படும், ஒத்துக்கொள்கிறேன்.

திருப்பத்தையும் யோசி. வட்டமடிக்கப் பதின்மூன்று மீட்டரை ஒட்டி வேண்டும். கம்பமெட்டு ரோட்டு ஊசி வளைவில் எதிரே ஆள் ஏற்றிய ஜீப் நிற்கும்போது இரண்டரை டன்னை ஒட்டிய வண்டியைப் பின்னுக்கு எடுத்து, முன்னுக்கு எடுத்து, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்க... அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பெட்ரோல் கணக்கும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சொல்வது நூறு கிலோமீட்டருக்கு 11.5 லிட்டர், லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டருக்கும் கீழே. லோ கியரில் மலை ஏறினால் அதில் பாதி வந்தால் பெரிசு.

அப்புறம் ஷாக் கசிய ஆரம்பித்தால் என்ன செய்வாய்? பிரித்து, சீல் மாற்றி, எண்ணெயும் வாயுவும் நிரப்பிக் கோக்க வேண்டிய சாமான் அது. குமுளியில் யாராலும் முடியாது, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பார்சல் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வண்டியைத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் கட்டையில் நிறுத்தி வைக்க வேண்டியதுதான்.

நான் என்ன செய்வேன் என்று கேட்டால், அந்தக் காசில் நான்கு ஹைலக்ஸ் வரும், ஒன்று எடுப்பேன். ஷோரூம் விலை முப்பது லட்சத்தை ஒட்டி, 2.8 லிட்டர் டீசல், 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். பின் டிஃப் லாக் கம்பெனியிலேயே வருகிறது. அதுவும் அதிகம் என்றால் இசுஸு வி-கிராஸ், 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன். அது ஆந்திராவில் தடா பக்கத்து ஸ்ரீசிட்டி ஆலையில் செய்வது, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து எட்டிப் பார்க்கிற தூரம். எது எடுத்தாலும் ரேப்டரிடமிருந்து ஒரே ஒரு பாடத்தைக் கடன் வாங்கு. குதிரைத்திறனில் காசைப் போடாதே, ஷாக்கிலும் டயரிலும் போடு. கொஞ்சம் தடித்த, வாயு அடைத்த ஷாக் நான்கும் ஒன்று ஒன்றரை லட்சத்துக்குள் முடியும். அதே அளவில் கல்லுக்கும் சேற்றுக்கும் தாங்குகிற டயர். அடியில் ஒரு இரும்புத் தகடு. அவ்வளவுதான்.

அதே அளவில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உறுதியாகச் சொன்னது. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயரோடு செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு நம்பர் என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். உயரம் ஏற்றுவது, பம்பரை வெட்டுவது எல்லாம் வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் மனசு ரேப்டரிலேயே நிற்கிறது என்றால் அதுவும் எனக்குப் புரிகிறது, எனக்கும் அதற்கு அடியில் ஒரு மணி நேரம் படுக்க ஆசைதான். பணம் கட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் சொல்லி, ஸ்டோருக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த இரண்டு கருங்கல் தூணுக்கு நடுவே டேப் வைத்து அளக்கச் சொல். கண்ணாடியை விரித்தால் ரேப்டர் 2.2 மீட்டர். போன மாதம் அந்த வழியாக வந்தபோது என் ஜீப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம் இருந்தது.